மூன்றாம் மாடி மெத்தை

அத்தியாயம் 5

மைசூரில் ரயில் நிலையத்துக்கும் புறநகர்ப் பேருந்து நிலையத்துக்கும் நடுவே இருக்கிற லாட்ஜ்களில் தொலையாத பொருளே கிடையாது. குடை தொலையும், சார்ஜர் தொலையும், பல் செட் தொலையும். ஒருமுறை ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளையைத் தொலைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதைக் கவனித்தது. ஆனால் பூட்டிய அறையில், மெத்தைக்கு அடியில் வைத்த ஒரு நீல நிற ஃபைல், பூட்டும் உடையாமல் மெத்தையும் கலையாமல் காணாமல் போனது சேகரன் கம்ஃபர்ட்ஸின் பதினெட்டு வருட சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை.

லாட்ஜின் பெயரில் 'கம்ஃபர்ட்ஸ்' என்று பன்மையில் இருந்தது. எத்தனை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மதன் வரவேற்பு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு இருபது. அவனுடைய முதலாளி சுந்தராம்பாள் அதே நேரத்தில் ஒரு சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரக்கட்டை போல ஒரு தடித்த வில்லை, அதில் வெள்ளை பெயின்ட்டில் 304, அதன் நுனியில் சின்னதாக ஒரு சாவி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது. கண்ணாடி, பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. பைக்குள் அளவு நாடாவும் ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் எப்போதும் இருக்கும். இருபத்தோரு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக இயந்திர விபத்துகளை ஆராய்ந்தவர். எது, ஏன், எப்படி உடைந்தது என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இப்போது மனிதர்களுக்கும் அதையே செய்கிறார். தெருவுக்கு எதிர்ப்புறம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய துப்பறியும் அலுவலகம். அதனால்தான் லாட்ஜ் முதலாளி சேகரன் போலீசைக் கூப்பிடுவதற்கு முன்னால் இவரைக் கூப்பிட்டார். ரோட்டைத் தாண்டினால் போதும்.

"மேடம், இது திருட்டுன்னு வெளிய தெரிஞ்சா ஆன்லைன்ல ஒரு ஸ்டார் போடுவாங்க மேடம்" என்றார் சேகரன்.

"இப்ப எத்தனை சார்?" என்று கேட்டான் மதன்.

"ரெண்டரை."

"அப்ப விழறதுக்கு இடம் இருக்கு."

மேசைக்கு எதிரே இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள். ஒன்றில் மாதம்மா உட்கார்ந்திருந்தாள். ஹனூர்ப் பக்கத்துக்காரி. ஒன்பது வருடமாக இந்த லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைக்கிறவள். மாஸ்டர் சாவிக் கொத்து அவளிடம்தான் இருக்கும். அதனாலேயே பதினோரு மணியிலிருந்து அவளை அந்த ஸ்டூலை விட்டு நகரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். இன்னொரு ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. அதில் உட்கார வேண்டிய கந்தசாமி நின்றுகொண்டே இருந்தார்.

கந்தசாமி கொள்ளேகாலில் விவசாயம் செய்கிறவர். ஒடிசலான உடம்பு, வெள்ளை வேட்டி. அவருக்குப் பக்கத்தில் மகள் ஜீவிதா. இருபத்தேழு வயது. அவள்தான் விஷயத்தை ஒழுங்காகச் சொன்னாள்.

"கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் போஸ்ட், மேடம். ஏழு வருஷமா எழுதறேன். இந்தத் தடவைதான் லிஸ்ட்ல பேர் வந்துச்சு. இன்னைக்கு சர்ட்டிஃபிகேட் வெரிஃபிகேஷன். நாலு மணிக்குள்ள ஒரிஜினலோட போய் நிக்கல்லேன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்து யாரோ அவங்களுக்குப் போயிடும். அஷ்டே."

அந்தக் கன்னட 'அஷ்டே'யோடு நிறுத்திக்கொண்டாள். அவ்வளவுதான் என்பதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

"இங்கிருந்து அந்த ஆபீசுக்கு?"

"ஆட்டோல அரை மணி நேரம் ஆகும்னாங்க."

"ஸ்கூட்டர்ல இருபத்தஞ்சு நிமிஷம்" என்றான் மதன்.

"அப்ப நமக்கு மூணரை வரைக்கும் டைம் இருக்கு" என்றார் சுந்தராம்பாள். பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிற குரல். "கந்தசாமி ஐயா, காலைல நடந்ததை ஒண்ணு விடாமச் சொல்லுங்க. முக்கியம் இல்லைன்னு நினைக்கிறதையும் சேத்து."

"ஏனுங்க, நாலு தாட்டி சொல்லிப்போட்டனுங்களே! அஞ்சு மணி பஸ்ஸுல ஏறி எட்டு மணிக்கு இங்க வந்தமுங்க. அம்மிணி இங்க நின்னுட்டு ரிஜிஸ்டர்ல எழுதிட்டு இருந்தா. ஆதார் ஜெராக்ஸு, போட்டோ, போன் நம்பருன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. பையெல்லாம் கெடக்கட்டும், மொதல்ல ஃபைலைப் பத்திரம் பண்ணிப்போடலாம்னு சாவிய வாங்கிட்டு நானு மட்டும் மேல போனனுங்க. மூணாவது மாடி, எடது கைப்பக்கம் கடைசிக் கதவுன்னு மேசையில இருந்த தம்பி சொல்லுச்சு. போயித் தொறந்து, தலைமாட்டுல மெத்தைக்கு அடியில வெச்சு, கதவப் பூட்டி, ரண்டு தாட்டி இழுத்துப் பாத்துட்டு வந்தனுங்க. அப்புறம் டிபன் சாப்புட்டு வந்தோம், பையத் தூக்கிட்டு ரூமுக்குப் போனோம், குளிச்சோம். பதினோரு மணிக்கு மெத்தையத் தூக்கறன், இல்லீங்க! சாவி என்ற மடியில இருக்குது. இன்னொரு சாவி யாருகிட்ட இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும்."

கடைசி வாக்கியத்தை மாதம்மாவைப் பார்க்காமல் சொன்னார். பார்க்காமல் சொன்னது பார்த்துச் சொன்னதைவிடப் பலமாகப் பட்டது.

சுந்தராம்பாள் மாதம்மாவிடம் திரும்பினார். "நீங்க 304-க்குக் கடைசியா எப்பப் போனீங்க?"

"நேத்து சாயங்காலம், அக்கா. ஆளு வந்துட்டா அவங்களாக் கூப்பிட்டாத்தான் போவேன்" என்றாள் மாதம்மா. "எனக்கு எதுக்கு அக்கா அந்தக் காயிதம்? அதைக் காட்டுனா எனக்கு லேப்புல வேலை குடுப்பாங்களா?" என்றாள்.

மதனுக்கு இதுவரை கேட்ட வாதங்களிலேயே இதுதான் உருப்படியாகப் பட்டது.

"மேல போலாம்" என்றார் சுந்தராம்பாள்.

304-இல் இரண்டு பைகள், ஒரு ஈரத்துண்டு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், சுவரோரமாக நிறுத்திய மெத்தை. கந்தசாமி அறையைச் சல்லடை போட்டுச் சலித்திருந்தார். கட்டிலுக்கு அடியில் தேடினார், பாத்ரூம் பக்கெட்டுக்குள் தேடினார். கண்ணாடிக்குப் பின்னால் தேடியதில் ஒரு பல்லி மட்டும் இடம் மாறியிருந்தது.

சுந்தராம்பாள் பூட்டைப் பார்த்தார். சாவித் துவாரத்தில் டார்ச் அடித்தார். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு நேராக ஜன்னலுக்குப் போய்க் கதவைத் திறந்தார். வெயில் கொட்டியது. எதிரே பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடி தெரிந்தது. அங்கே கறுப்புத் தண்ணீர் டேங்க், கொடியில் உலரும் மூன்று லுங்கிகள், அதற்கும் அப்பால் தூரத்தில் சாமுண்டி மலை.

"நல்ல வியூ" என்றான் மதன். "ரெண்டரை ஸ்டார்ல ஒண்ணரை இதுக்கு."

"ஐயா, நீங்க காலைல வந்தப்ப இந்த ஜன்னலைத் திறந்தீங்களா?"

"தொறந்தனுங்க. கரண்டு இல்ல, ஒரே கும்மிருட்டு. வெளிச்சம் வரட்டும்னு தொறந்தா, எதுத்தாப்புல சொவரு. கைய நீட்டுனாத் தொட்டர்லாம். அதென்னமோ ஜன்னல வெச்சுருக்கறாங்களேன்னு சாத்திப்போட்டு, தடவித்தான் மெத்தையத் தூக்கினேன்."

ஜீவிதா ஜன்னலைப் பார்த்தாள். மதன் லுங்கிகளைப் பார்த்தான். கந்தசாமி மட்டும், தான் சொன்னது எவ்வளவு தெளிவாக இருந்தது என்ற திருப்தியோடு நின்றார்.

"அப்பா," என்றாள் ஜீவிதா மெதுவாக, "இங்க சுவரு எங்கிருக்கு?"

கந்தசாமி ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். சாமுண்டி மலையைப் பார்த்தார். காலையில் அங்கே அது இல்லையே என்பது போலப் பார்த்தார்.

"பக்கத்துக் கட்டடத்துக்கு எத்தனை மாடி?" என்று சேகரனிடம் கேட்டார் சுந்தராம்பாள்.

"கிரவுண்ட், மேல ரெண்டு மேடம்."

"அப்ப அதோட சுவர் நம்ம முதல் மாடியையும் ரெண்டாவது மாடியையும் மறைக்கும். மூணாவது மாடிக்கு வராது. ஐயா ஃபைலை வெச்சது இந்த ரூம்லயே இல்லை."

"ஆனா மேடம்," என்றான் மதன், "சாவி? 304 சாவியை வெச்சுக்கிட்டு வேற ரூமை எப்படித் திறப்பாரு? அவரு விவசாயி மேடம், மந்திரவாதி இல்ல."

"சேகரன், இந்தப் பூட்டெல்லாம் எப்ப வாங்கினீங்க?"

சேகரன் பெருமையோடு சொன்னார். மாடிக்குப் பன்னிரண்டு அறை. ஒவ்வொரு மாடி கட்டி முடித்தபோதும் ஒரே கடையில், ஒரே கம்பெனிப் பூட்டு, பன்னிரண்டு கொண்ட ஒரு பெட்டி. மூன்று மாடிக்கு மூன்று பெட்டி. மலிவான விலைக்கு வந்ததாம்.

"மலிவுதான்" என்றார் சுந்தராம்பாள். இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு பாசம் வந்துவிடும். "பூட்டுக்குள்ள சின்னச் சின்னத் தகடு இருக்கும். சாவியோட பல்லு எந்த உயரத்துல வெட்டியிருக்கோ, அந்த உயரத்துக்குத் தகடு எழும்பினாத்தான் நாக்கு நகரும். நல்ல கம்பெனி ஆயிரக்கணக்கான விதமா வெட்டும். மலிவான கம்பெனி பன்னெண்டு விதம் வெட்டிட்டு நிறுத்திக்கும். ஒரு பெட்டிக்குள்ள ஒண்ணு இன்னொண்ணு மாதிரி இருக்காது. ஆனா முதல் பெட்டில இருக்கற நாலாம் நம்பர், ரெண்டாவது பெட்டிலயும் அதேதான். மூணாவதுலயும் அதேதான்."

சேகரனின் முகத்தில் பெருமை இருந்த இடம் காலியானது.

"அதாவது," என்றான் மதன், "104, 204, 304 மூணுக்கும் ஒரே சாவி. பதினெட்டு வருஷமா இந்த லாட்ஜுல ஒருத்தர் வாடகை குடுத்தா மூணு ரூம்."

"மெதுவாப் பேசுங்க" என்றார் சேகரன்.

"சாவி போட்டுக் கதவு திறந்துட்டா யாரும் நிமிர்ந்து நம்பரைப் பாக்க மாட்டாங்க" என்றார் சுந்தராம்பாள். "அதுவும் இருட்டுல. இப்ப ஒரே கேள்வி. ஐயா மூணாவது மாடிக்குப் போற லிஃப்ட்ல ஏறி, எந்த மாடில இறங்கினாரு?"

லிஃப்ட் என்றால் நான்கு பேருக்கான பெட்டி. நான்காவது ஆள் ஏறினால் மற்ற மூவரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீளக் கண்ணாடி. உள்ளே ஒரு தகடு, '4 பேர், 272 கிலோ'. அதற்குக் கீழே கையால் எழுதிய ஒரு தாள், 'லிஃப்டில் சாமான் ஏற்றக் கூடாது'. கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் தப்பாக ஒருமுறை.

சுந்தராம்பாள் கந்தசாமியை அதற்குள் நிறுத்திவைத்துக் கேட்டார். "கரண்ட் எப்பப் போச்சு?"

"ஏறிக் கொஞ்ச நேரத்துலயே நின்னுருச்சுங்க. இந்தக் கண்ணாடில ஒரு மாடி வெளிச்சம் மேல இருந்து கீழ போச்சு. ஒடனே டொக்குனு நின்னு, இருட்டாயிருச்சு. நானு முருகான்னு கும்புட்டனுங்க. அப்புறம் மெல்ல நகுந்து, கதவு தானாத் தொறந்துச்சு. சரி, மாடி வந்துருச்சுன்னு எறங்கிட்டேன்."

"மேல நகர்ந்துச்சா, கீழயா?"

"கும்புட்டுட்டு இருக்கறப்ப அதையெல்லாம் எங்கீங்க பாக்கறது?"

சுந்தராம்பாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதாவது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு வெளிச்சம் போச்சுன்னா முதல் மாடியைத் தாண்டியாச்சு. முதலுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நின்னிருக்கு. கரண்ட் போனா இந்த மாதிரி லிஃப்ட்ல ஒரு பேட்டரி வேலை செய்யும். நடுவுல மாட்டினவங்களைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்து விடும். அதோட அதுக்கு சக்தி தீர்ந்திடும். சின்ன பேட்டரி, அதனால எந்தப் பக்கம் போறது சுலபமோ அந்தப் பக்கம்தான் போகும்."

"கீழதானே மேடம் சுலபம்?" என்றான் மதன். "நான் கீழ வர்றதுக்கு பேட்டரியே வேண்டாமே."

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. இந்தப் பெட்டி கயித்துல தொங்குது. கயித்தோட இன்னொரு முனைல ஒரு எடை தொங்குது. பெட்டியோட எடையும், அது தாங்கற ஆட்கள் எடைல பாதியும் சேர்த்தாப்பல. இங்க பாதின்னா நூத்து முப்பத்தாறு கிலோ. பெட்டிக்குள்ள அதுக்குக் குறைவா ஆள் இருந்தா அந்தப் பக்கம் கனம், பெட்டி மேல போகத்தான் பாக்கும். அதிகமா இருந்தாத்தான் கீழ இறங்கும். கிணத்து ராட்டினத்துல ரெண்டு பக்கமும் வாளி கட்டினா எப்படியோ அப்படி. ஐயா, உங்க எடை?"

"அம்பத்தெட்டுங்க."

"தனியாத்தான் வந்தீங்க?"

"தனியாத்தானுங்க."

"அம்பத்தெட்டு கிலோ ஆளும் ஒரு ஃபைலும். பெட்டி லேசு. மேலதான் போயிருக்கும். ரெண்டாவது மாடி. 204."

மணி இரண்டு ஐம்பது. எல்லாரும் படி இறங்கி ஓடினார்கள். சேகரன் மூச்சிரைக்க, 204 மூன்று நாளாகக் காலி என்றார். சுந்தராம்பாள் 304 சாவியைப் போட்டுத் திருப்பினார். கதவு, வீட்டுக்காரரைப் பார்த்தது போலத் திறந்துகொண்டது. ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். கையை நீட்டினால் தொடலாம். கந்தசாமி, "இதேதானுங்க!" என்று கத்தி, மெத்தையை ஒரே தூக்காகத் தூக்கினார்.

மெத்தைக்கு அடியில் பழைய கன்னடப் பேப்பர் ஒன்று, ஒற்றை சாக்ஸ், மாத்திரை அட்டை.

ஜீவிதா பேப்பரை விரித்தாள், உதறினாள், திரும்ப மடித்து வைத்தாள். மடித்து வைத்ததுதான் மதனைச் சங்கடப்படுத்தியது. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பான்.

"நாந்தான் சொன்னனே, களவு போயிருச்சுன்னு" என்றார் கந்தசாமி. "இந்த ரூமையும் அந்தப் பொம்பளதானே கூட்டறா?"

சுந்தராம்பாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு இயந்திரம் தன்னிடம் பொய் சொல்லிவிட்டது என்ற துக்கத்தை மதன் அந்த முகத்தில் இரண்டாவது முறையாகப் பார்க்கிறான். முதல் முறை ஒரு கரும்பு மிஷின்.

"மேடம், லிஃப்ட் வேற மாதிரி யோசிச்சிருக்கலாம்."

"லிஃப்ட் யோசிக்காது மதன். நாம கணக்குல போட்ட எடைதான் தப்பா இருக்கணும்." அவர் நிமிர்ந்தார். "ஐயா, லிஃப்ட்ல உங்களோட யார் இருந்தாங்க?"

"யாருமே இல்லீங்க."

"கதவு திறந்தப்ப வெளிய இறங்கினது நீங்க மட்டும்?"

"நானு மட்டுந்தானுங்க. அந்தத் தண்ணிக் கேன்காரன் உள்ளயே நின்னுட்டான்."

மதன் கண்களை மூடிக்கொண்டான்.

"தண்ணிக் கேன்காரன்" என்றார் சுந்தராம்பாள், ஒவ்வொரு எழுத்தாக.

"ஆமாங்க. மொட்ட மாடிக்குக் கேன் கொண்டுபோற ஆளு. போன்ல பேசிட்டே இருந்தான். அவன் எங்கூட வந்தவன் இல்லீங்களே, அவம்பாட்டுக்கு நின்னான். நீங்க எங்கூட யாருன்னுதானே கேட்டீங்க?"

"எத்தனை கேன்?"

"கால வெக்க எடமில்லீங்க. ஒரு ஆறு இருக்கும்."

"லிஃப்ட்ல சாமான் ஏத்தக் கூடாதுன்னு மூணு பாஷைல எழுதி ஒட்டியிருக்கேன்!" என்றார் சேகரன்.

"ஒரு கேன் இருபது லிட்டர், இருபது கிலோ. ஆறுக்கு நூத்து இருபது. கேன்காரர் ஒரு அறுபது. ஐயா அம்பத்தெட்டு." சுந்தராம்பாள் எழுந்துவிட்டார். "இருநூத்து முப்பத்தெட்டு. பாதியைத் தாண்டி நூறு கிலோ அதிகம். பெட்டி கனம். கனமான பெட்டி எங்க போகும், மதன்?"

"கீழ" என்றான் மதன். "முதல் மாடி. கேன்காரருக்கு இந்த லாட்ஜ் பழக்கம், அதனால கரண்ட் வரட்டும்னு உள்ளயே நின்னுட்டாரு. நம்மாளு பழக்கமில்லாதவரு, இறங்கிட்டாரு."

"104" என்றாள் ஜீவிதா. மற்றவர்கள் திரும்புவதற்குள் அவள் படியில் இருந்தாள்.

104 காலியாக இல்லை. காலை ஒன்பதரைக்கு ஒருவர் வந்து அதில் தங்கியிருந்தார். கோபிநத்தத்துக்காரர், சென்னப்பன். லாரி ஓட்டுகிறவர். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவதற்கென்றே அறை எடுத்திருந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் எந்தச் சாவிக்கும் மரியாதை இல்லை.

மதன் தட்டினான். சேகரன் தட்டினார். கந்தசாமி இரண்டு கையாலும் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு குறட்டை, ஏற்றத்தில் இரண்டாவது கியர் போடுகிற மாதிரி, விடாமல் வந்துகொண்டிருந்தது. மூன்று மணி ஆகிவிட்டது.

"லாரி டிரைவரைத் தட்டி எழுப்ப முடியாது" என்றான் மதன். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, சாதாரணக் குரலில், "அண்ணா, லாரிய எடுக்கச் சொல்றாங்க. கிரேன் வந்திருக்கு" என்றான்.

குறட்டை நின்றது. மூன்று விநாடியில் தாழ்ப்பாள் திறந்தது. சென்னப்பன் ஒரு கையில் லாரிச் சாவியும் ஒரு கையில் லுங்கி முடிச்சுமாக நின்றார்.

"எங்க கிரேனு?"

"போயிருச்சுண்ணா. ஒரு நிமிஷம் உங்க மெத்தையத் தூக்கிக்கிறோம்."

சென்னப்பன் அறைக்குள் நுழைந்த ஐந்து பேரையும் ஒருவர் விடாமல் பார்த்தார். போலீஸ் சோதனை, ஆர்டிஓ சோதனை, வனத்துறை சோதனை எல்லாம் பார்த்த மனிதர். ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

கந்தசாமி மெத்தையின் தலைமாட்டில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். ஜீவிதாதான் தூக்கினாள்.

நீல நிற ஃபைல். அதன் மேலே, ஐந்தரை மணி நேரம் ஒரு லாரி டிரைவர் படுத்த மெல்லிய வளைவு.

"அதானே பாத்தேன்!" என்றார் சென்னப்பன். "காலைல இருந்து முதுகுல ஒண்ணு ஒறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்த லாட்ஜுக்கு இது சகஜம்னு படுத்துட்டேனுங்க."

சேகரன் மெத்தை விரிப்பை அவசரமாக நீவிச் சரிசெய்தார்.

ஜீவிதா தரையில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எஸ்.எஸ்.எல்.சி., பி.யூ.சி., டிப்ளமோ, பயிற்சிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், அழைப்புக் கடிதம். எல்லாம் இருந்தன. கடிதம் மட்டும் கொஞ்சம் சூடாக இருந்தது.

மணி மூன்று ஏழு.

"மதன், ஸ்கூட்டரை எடு" என்றார் சுந்தராம்பாள்.

வரவேற்பு மேசைக்கு வந்தபோது மாதம்மா அதே ஸ்டூலில் இருந்தாள். ஃபைலைப் பார்த்தாள். கந்தசாமியைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

கந்தசாமி வேகமாக அவளைத் தாண்டி வாசலுக்குப் போனார். "வா அம்மிணி, நேரமாச்சு. நானு பின்னாடி ஆட்டோல வர்றேன். ஃபைல எங்கிட்டக் குடு, ஸ்கூட்டர்ல போறப்ப காத்துல..."

"நான் வெச்சுக்கறேன்" என்றாள் ஜீவிதா. குரலை உயர்த்தவில்லை. "நீங்க வர வேண்டாம்பா. அவங்க நாலு மணி நேரமா இங்க உக்காந்திருக்காங்க. நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க. என்ன சொல்லணுமோ சொல்லிட்டு அப்புறமா எழுந்திரிங்க."

அவள் வெளியே போய்விட்டாள். கந்தசாமி வாசலில் நின்றார். ஐம்பத்தெட்டு கிலோதான், ஆனால் நகர்வதற்கு வெகுநேரம் ஆனது. மதன் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது கடைசியாகப் பார்த்தது, அவர் காலியாக இருந்த ஸ்டூலை நோக்கி நடந்ததை.

மூன்று முப்பத்தாறுக்கு அலுவலக வாசலில் இறக்கிவிட்டான். ஜீவிதா ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். வாசல் மரத்தடியில் மதன் காத்திருந்தபோது போன் அடித்தது.

"தம்பி, அம்மிணி உள்ள போயிட்டாளுங்களா?"

"போயிட்டாங்க ஐயா. மாதம்மாகிட்டப் பேசினீங்களா?"

"பேசினனுங்க. தப்புன்னு சொன்னேன். பொம்பளப் புள்ளய வெச்சுருக்கறவன் இப்படிப் பேசிருக்கக் கூடாதுன்னு சொன்னனுங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"போயி ரண்டாவது மாடில நீங்க கலைச்சுப்போட்ட ரூமை ஒழுங்கு பண்ணோணும்னு எந்திருச்சாங்க. நானும் வர்றனுங்கன்னு கூடப் போனேன். மெத்தைக்கு ஒரு பக்கம் நானு புடிச்சனுங்க."

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு ஜீவிதா வெளியே வந்தாள். படியில் நின்று, எதிரே போகிற பஸ்களைப் பார்த்தாள். மதன் அருகில் போனான்.

"ஆயித்தா? முடிஞ்சுதா?"

"ம். ஒரிஜினலைப் பாத்தாங்க, ஜெராக்ஸைப் பாத்தாங்க, டிக் போட்டாங்க. ரெண்டு வாரத்துல ஆர்டர் வருமாம்." ஃபைலைக் கையில் திருப்பினாள். "ஒரு கேள்விகூடக் கேக்கல. மொத்தமே நாலு நிமிஷம். ஏழு வருஷம் படிச்சதுக்கு நாலு நிமிஷம்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இத்தனை ஜனம் நடுவுல நின்னுக்கிட்டு அழக் கூடாது, இல்லையா?"

மதன் பதிலுக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தான். வந்தது வேறு. சீட்டுக்கு அடியிலிருந்து முகத்தை முழுக்க மூடுகிற ஹெல்மெட்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதைப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது. என்னை வளத்த அத்தை கல்யாணம் பண்ணிட்டுப் போனப்ப நான் டெஸ்ட் பண்ணியிருக்கேன்."

அவள் ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பின்னால் உட்கார்ந்தாள். லாட்ஜுக்கு நேர் வழி இருபத்தைந்து நிமிடம்தான். மதன் குக்கரஹள்ளி ஏரிப் பக்கமாகத் திரும்பி, நிதானமாக ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டு போனான்.